புறங்கை

பஞ்சாபகேசன் இரண்டு கைகளையும் உடம்பில் ஒட்டாமல் அகட்டிப் பிடித்தபடி மகள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் புல்தரையின் நடுவே நின்றுகொண்டிருந்தார். தள்ளி இருந்து யாராவது பார்த்தால் கிழவர் பறக்க உத்தேசம் செய்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை. நியூ ஜெர்சியின் இந்தத் தெருவில் காலையில் கார்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டால் அப்புறம் மனித வாடையே கிடையாது. இருந்த ஒரே ஜீவனான பக்கத்து வீட்டு மிஸஸ் கோவால்ஸ்கியும் வேலிக்கு அந்தப்புறம் தன் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். அவள் பேசிய இங்கிலீஷில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. அவர் பிடுங்கிப் போட்ட அந்தக் கொடியில் ஓர் எண்ணெய் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாதாம். இலையைப் பிடித்த கையில் ஏறிக்கொள்ளும், அந்தக் கை எதைத் தொட்டாலும் அதில் ஏறிக்கொள்ளும், அதை இன்னொருவர் தொட்டால் அவர் மேலும் ஏறிக்கொள்ளும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாளையோ மறுநாளோ தடித்துச் சிவந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், நீர் வடியும். அவள் புருஷனுக்கு ஒரு தடவை முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிப்போய்விட்டதாம். அய்யய்யோ, தீக்குச்சியைக் கீழே போடு, அதை மட்டும் கொளுத்திவிடாதே, அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். சீக்கிரம் சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவு. கழுவும் வரைக்கும் எதையும் தொடாதே. உள்ளே குழந்தை இருக்கிறதே, குழந்தையைத் தொட்டுவிடாதே. கடைசியாக அவள் சொன்னது அதுதான். அதற்கு அவர் தலையை ஆட்டித் தாங்க்யூ என்று வேறு சொன்னார். தீப்பெட்டி காலடியில் கிடந்தது. பிடுங்கிக் குவித்த கொடி வேலி ஓரத்தில் இடுப்பளவுக்குப் பளபளவென்று கிடந்தது. எப்படிப் பளபளத்தது என்றால், எண்ணெய் தடவித் தலைவாரிவிட்ட பெண்குழந்தை மாதிரி. இப்போது நினைத்தால், அங்கேயே புத்தி வந்திருக்க வேண்டும்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். இங்கே வேலியும் இருந்தது, மடித்துக் கட்டிய வேட்டியும் இருந்தது, ஓணானுக்குப் பதிலாகக் கொடி. அவருக்குச் சொல்லாமல் இல்லை. போன வாரமே மைதிலி சொன்னாள், அப்பா, அந்த வேலியோரம் படர்ந்திருக்கிறது விஷச்செடி, அரவிந்த் ஆளுக்குச் சொல்லியிருக்கிறான், நீ அந்தப் பக்கம் போகாதே என்று. விஷச்செடி என்றால் அவருடைய அகராதியில் தின்றால் சாகிற செடி. அரளி விதை, ஊமத்தங்காய். அரளியைத் தினம் தொட்டுப் பறித்துச் சுவாமிக்குப் போட்ட கைதானே இது. நான் என்ன அதைக் கூட்டு பண்ணியா சாப்பிடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். குழந்தைதான் தின்னும். மிருணாவுக்கு எட்டு மாதம். இன்றைக்கோ நாளைக்கோ தவழ்ந்து வெளியே வரப்போகிறாள், கண்டதை எல்லாம் வாயில் போடுகிற வயசு, செருப்பு முனையைக்கூட விடுவதில்லை. அவள் அந்த இலையில் ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்துக்கொள்வது போல ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் வந்தது. சொன்ன ஆள் வருவதாகக் காணோம். குழந்தை தூங்குகிற நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இதைச் செய்தால் என்ன, மாப்பிள்ளை அரவிந்த் ஊரிலிருந்து வந்து பார்க்கும்போது வேலி சுத்தமாக இருந்தால் என்ன. என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டேதான் முதல் கொடியைப் பிடித்து இழுத்தார். வேர் பொலபொலவென்று வந்தது. கிளைக்கு மூன்று மூன்றாக இலை. மூன்று இலையைப் பார்த்ததும் வாய் பழக்கத்தில் சிவ சிவா என்றது, வில்வமும் மூன்று இலைதானே. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம். அவன் ஊதினது சங்கு, அவ்வளவுதான்.

எதையும் தொடாதே என்றாளே அந்த அம்மாள், இதுவரைக்கும் தொட்டதை என்ன செய்வது. பஞ்சாபகேசன் தபால் இலாகாவில் தரம் பிரிக்கிற வேலையில் தலை நரைத்தவர். எந்தப் பை எங்கே போயிற்று, அங்கிருந்து எங்கே போயிற்று என்று பின்னாலேயே துரத்திப் பிடிப்பது அவருக்குப் பழக்கம்தான். துரத்தினார். முதலில் நெற்றி. வேர்த்ததென்று புறங்கையால் துடைத்தாரா, உள்ளங்கையாலா. அப்புறம் மூக்குக்கண்ணாடி, சரிந்து சரிந்து வந்தது, ஏற்றி ஏற்றி விட்டார். பூணூல், முதுகு அரித்ததென்று அதையே இழுத்து இழுத்துச் சொறிந்துகொண்டார். அந்த அரிப்பு வேர்வை அரிப்பா, இந்த அரிப்பா. இன்றைக்கு ஒன்றும் தெரியாதென்றாளே, அப்படியானால் வேர்வைதான். இப்போதும் அரிக்கிறது. நினைத்தால் எல்லா இடமும் அரிக்கிறது. அப்புறம் படிக்கட்டில் வைத்திருக்கிற மானிட்டர், குழந்தை அழுதால் சொல்லுகிற பெட்டி. நடுவில் அது கரகரவென்றதும் கையில் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஆகவே காது. அப்புறம் கண்ணாடிக் கதவின் பிடி. அப்புறம் உள்ளே. உள்ளே என்று வந்ததும் நினைப்பு நொண்டியது. உள்ளே போனார். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார், மூட்டு வலி, பிடிக்காமல் ஏற முடியாது. குழந்தையின் அறைக் கதவைத் தள்ளினார். தொட்டில் கட்டில் பக்கத்தில் நின்றார். குழந்தை திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் கீழே வந்து, குவியலைக் கொளுத்திவிடலாமென்று சுவாமி அலமாரியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். எடுக்கும்போது குத்துவிளக்கு கையில் இடித்தது. ஆகவே விளக்கு, பக்கத்தில் பிள்ளையார். பிள்ளையாருக்குக் கொப்புளம் வராது, பரவாயில்லை. கட்டில் பக்கத்தில் நின்றதற்கும் கீழே வந்ததற்கும் நடுவில் என்ன செய்தார். நின்றார். நின்று? பார்த்தார். பார்த்து?

பத்து. பெட்டியைப் பூட்டி வைத்தாலும் உள்ளிருந்து கேட்கிற சத்தம் மாதிரி அந்த வார்த்தை கேட்டுக்கொண்டே இருந்தது, சியாமளாவின் குரலில். சோறும் சோற்றோடு சமைத்ததும் பத்து. அந்தப் பாத்திரத்தைத் தொட்ட கையை அலம்பாமல் தயிரைத் தொடக்கூடாது, பாலை, நெய்யை, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. தொட்டால் அதுவும் பத்து. அந்த ஜாடியைத் தூக்கி வைத்த பலகையும் பத்து, பலகையைத் துடைத்த துணியும் பத்து. கண்ணுக்குத் தெரியாது, ஒன்றிலிருந்து ஒன்றில் ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் பட்டால்தான் நிற்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மாம்பலம் வீட்டு அடுக்களையில் அவள் நடத்தியது இந்த ராஜ்யத்தைத்தான். அவர் அதற்கு எதிர்க்கட்சி. உன் பத்து கரண்ட் மாதிரி பாயுமா, ஸ்டீலில் பாய்கிறதே மரத்தில் பாயாதா என்று கேட்பார். வேண்டுமென்றே சாதக் கரண்டியால் ஊறுகாயை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் சண்டைக்கு வரமாட்டாள். ஜாடியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு அதைத் தனியாக நகர்த்தி வைப்பாள். ஒரு நாள் அவரே ஏதோ நினைப்பில், இப்போது நான் இந்த மூடியைத் தொட்டேனா இல்லையா என்று கேட்டபோது, அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "சந்தேகம்னாலே பத்துதான். அலம்பிட்டாப் போச்சு. கை என்ன தேஞ்சா போயிடும்?" பத்துக் கையோடு அவள் எதையும் தொடமாட்டாள், ஆனால் எதுவும் நிற்காது. புறங்கையால் குழாயைத் திறப்பாள், புறங்கையால் முந்தானையை ஒதுக்குவாள், முழங்கையால் அலமாரியைச் சாத்துவாள். அவருக்கு ஜுரம் வந்தால் சமையலுக்கு நடுவில் வந்து புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். நினைத்துப் பார்த்தால், பகல் வேளையில் அவள் அவரைத் தொட்டதெல்லாம் புறங்கையால்தான். இந்த வெள்ளைக்காரக் கொடிக்கு யார் இந்தச் சாஸ்திரத்தைச் சொல்லிக்கொடுத்தது. அட்சரம் பிசகாமல் அதே சட்டம். ஆனால் சியாமளாவே இருந்திருந்தாலும் இங்கே ஏமாந்திருப்பாள். இலை தழை பத்து இல்லையே. பறித்தது நேரே சுவாமி தலைக்குப் போகிற வஸ்து. சோற்றைத் தொட்டிருந்தால் அலம்பியிருப்பார். இலையைத்தானே தொட்டோம் என்றுதான் அலம்பாமல் உள்ளே போனார். அலம்பாமல்தான் போனார், அது நிச்சயம். மற்றது ஒன்றும் நிச்சயமில்லை.

கன்னம். அங்கேதான் வந்து வந்து முட்டிக்கொள்கிறது. குழந்தையின் கன்னத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது, எச்சில் ஈரத்தில். அதை எடுத்துவிட்டார், சுட்டுவிரலால் மெதுவாக. கன்னம் இதமாகச் சுட்டது. இது தெளிவாக நினைவிருக்கிறது. ஆனால் இது இன்றைக்கா நேற்றா. நேற்றும் அது அதே போலத்தான் தூங்கிற்று, நேற்றும் முடி ஒட்டியிருந்தது, தினமும்தான் ஒட்டுகிறது. அந்த நினைவில் பச்சையில் யானை போட்ட துணி தெரிகிறது. யானைச் சட்டை இன்றைக்குப் போட்டதா. மைதிலி காலையில் என்ன சட்டை போட்டாள் என்று யோசித்தார். பல் டாக்டரிடம் போகிற அவசரத்தில் இருந்தாள், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகவே பேசினாள். அப்பா, ஒரு மணி நேரம்தான், அவள் எழுந்துகொண்டால் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், அடுப்புப் பக்கம் மட்டும் போகாதே. கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டு அவர் பனியனைச் சரிசெய்கிற மாதிரி இழுத்துவிட்டாள். அடுப்பு விஷயம் அப்படி. வந்த புதிதில் மின்சார அடுப்பில் காலிப் பாத்திரத்தை வைத்துவிட்டு மறந்துபோய், வீடு பூராவும் புகைமணி அலறி, தீயணைப்பு வண்டியே வந்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பரவாயில்லை மாமா என்று சொன்னான். ராத்திரி அறைக்குள் மகளிடம் சொன்னது சுவரைத் தாண்டி வந்தது, அவர் கையில் எப்படிக் குழந்தையை விட்டுப் போவது. அவள் மன்றாடித்தான் இன்றைக்கு இந்த ஒரு மணி நேரம். இது சரியாக நடந்தால் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டாம், தாத்தாவே பார்த்துக்கொள்வார் என்று பேச்சு. அவர் அதற்காக வேண்டிக்கொண்டுகூட இருந்தார், வெளியே சொல்லவில்லை. இல்லாவிட்டால் அந்த வீட்டில் பகல் முழுக்க அவருக்கு என்ன வேலை. கார் ஓட்டத் தெரியாது, நடக்க நடைபாதை கிடையாது. போன தடவை நடந்து போனபோது போலீஸ்காரன் வண்டியை நிறுத்தி வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டான். மாம்பலம் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். திரும்புகிற தேதி என்று ஒன்று யாரும் பேசுவதில்லை. சியாமளா போன பிறகு அப்பாவைக் கொண்டுவந்தாயிற்று, அவ்வளவுதான். ஒரு பொருளை ஓர் இடத்தில் கொண்டுவந்து வைத்தால் அது அங்கேயே இருக்க வேண்டியதுதானே. அந்தப் பெரிய வீட்டில் அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்குகிற ஒரே ஆள் மிருணாதான்.

நின்றுகொண்டே இருந்தால் ஆகாது, சீக்கிரம் என்றாளே அந்த அம்மாள். எழுந்துகொள்ளாதே குழந்தே, கொஞ்ச நேரம், என் கண்ணோல்லியோ, தூங்கு. தோட்டக் குழாய் சுவரோரம் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை கார் கழுவுகிற சோப்பு, வாளிக்குள். சோப்பை எடுக்க அதைத் தொட வேண்டும், தொட்டால் பாட்டில் பத்து. கழுவின பிறகு மூட வேண்டும், மூடினால் கை மறுபடியும் பத்து. இந்தப் புதிரைத்தான் சியாமளா நாற்பது வருஷம் ஒரு நாளைக்கு நூறு தடவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், இவர் பேப்பர் படித்துக்கொண்டு சிரித்தார். எப்படிச் செய்வாள். முதலில் தண்ணீரை ஓடவிட்டுக்கொள்வாள். கடைசியில் மூட வேண்டியது எதையும் கையில் வைத்துக்கொள்ளமாட்டாள். குழாய் நுனியில் அழுத்தினால் பீச்சுகிற விசை ஒன்று உண்டு. அதைப் படிக்கட்டு விளிம்பில் கிடத்தி முழங்கையால் அழுத்தினார். தண்ணீர் முகத்தில் அடித்தது, மூக்குக்கண்ணாடி புல்லில் விழுந்தது, கிடக்கட்டும், அதுவும் பத்து. சோப்பு பாட்டிலை இரண்டு முன்னங்கைகளுக்கும் நடுவில் அழுத்திப் பிழிந்தார். தேய்த்தார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. மோதிரத்துக்கு அடியில் போயிருக்குமோ என்று அதைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. கல்யாண மோதிரம் விரல் வீங்கி அங்கேயே குடியேறிவிட்டது. மறுபடியும் சோப்பு. எது வரைக்கும் தேய்த்தால் போயிற்றென்று அர்த்தம். அழுக்கென்றால் போனது தெரியும், கறையென்றால் தெரியும். இதை இருந்ததென்றும் காட்ட முடியாது, போயிற்றென்றும் காட்ட முடியாது. வேட்டியில் பட்டிருக்கிறது, பனியனில் பட்டிருக்கிறது, இந்தத் துணியோடு உள்ளே போனால் கழுவின கை கழுவினதே இல்லை. மாம்பலத்தில் சவரம் பண்ணிக்கொண்டு வந்தால் அவரைப் பக்கத்துச் சந்து வழியாகத்தான் வரச்சொல்வாள். துவைக்கிற கல் மேல் உட்கார வைத்து, மேலே படாமல் தூக்கித் தண்ணீர் விடுவாள், துணியை அங்கேயே போட்டுவிட்டு வாங்கோ என்பாள், ஊர் பார்க்கும்டி என்றால் ஊருக்கு வேற வேலை இல்லையா என்பாள். பஞ்சாபகேசன் பனியனைக் கழற்றிப் புல்லில் போட்டார். வேட்டியை அவிழ்த்துப் போட்டார். கோடு போட்ட அரை டிராயரோடு, அமெரிக்காவில், பட்டப்பகலில், மேப்பிள் மரத்தடியில் தலையோடு தண்ணீரைப் பீச்சிக்கொண்டார். வெயில் இருந்தும் தண்ணீர் ஐஸாக இருந்தது. பூணூலை ஒரு முழம் ஒரு முழமாகச் சோப்புப் போட்டு உருவினார். பல் கிடுகிடுத்தது. அழுகை வந்தது, குளிரால் என்று வைத்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வருஷம் சியாமளாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. முதலில் வெந்தயம் எங்கே என்பது, அப்புறம் தெரு, அப்புறம் மகள் பேர். ஒரு நாள் தட்டின் எதிரில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை அப்படியே தயிர்ப் பாத்திரத்துக்குள் விட்டாள். விட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அளைந்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர்க்கட்சி கடைசியில் ஜெயித்துவிட்டது, ராஜ்யம் கவிழ்ந்துவிட்டது. ஒரு வாய்ச் சோறு அவருக்கு இறங்கவில்லை. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையைப் பிடித்து அலம்பிவிட்டார், தயிரைத் தனியாக நகர்த்தி வைத்தார். அன்றைக்கு ஆரம்பித்தது, அவள் பத்தை அவர் பார்க்கிறது. அவள் போன பிறகும் விடவில்லை. மகள் வீட்டில் பிரிட்ஜுக்குள் சோறும் பாலும் ஒன்றாகக் கட்டிப் புரள்கின்றன, அங்கே யாருக்கும் அது தெரியாது. ஆனாலும் சோற்றுப் பாத்திரத்தைத் தொட்டால் அவர் மட்டும் போய்ச் சத்தம் போடாமல் கையை அலம்பிக்கொள்வார். ஒரு தடவை மைதிலி பார்த்துவிட்டு, அப்பா, நீ எப்போ அம்மாவா மாறினே என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், அவரும் சிரித்தார். அப்படி அலம்பி அலம்பிப் பழகின கைதான் இன்றைக்கு அலம்பாமல் போயிற்று.

மானிட்டர் கரகரத்தது. ஒரு முனகல். அப்புறம் ஒன்றும் இல்லை. தூங்கிவிட்டாள், தூங்கிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீறிட்டாள். அவர் ஈரம் சொட்டச் சொட்டப் படியேறினார். கண்ணாடிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது, முழங்கையால் தள்ளினார். முழங்கையைக் கழுவினோமா? கழுவினோம். மாடிப்படியில் கைப்பிடி இருந்தது. அதைத் தொட்டால் முதல் தடவை வைத்த எண்ணெய் மறுபடியும் கைக்கு வந்துவிடும், தொடவில்லை. தொடாமல் ஏற மூட்டு விடவில்லை. உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறினார், கைகளை மடியில் போட்டுக்கொள்ளாமல் மேலே தூக்கியபடி. மேலே அழுகை உயர்ந்துகொண்டே போயிற்று. இதோ வந்துட்டேன், இதோ, தாத்தா வந்துண்டே இருக்கேன் என்றார். இங்கேயே விழுந்து போய்விட்டால் குழந்தை எவ்வளவு நேரம் அழும் என்று ஒரு நினைப்பு ஓடிற்று. அதைத் துரத்தினார். அறைக் கதவு பாதி திறந்திருந்தது, தோளால் தள்ளினார். மிருணா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கண்ணீர், மூக்கு ஒழுகியது. அவரைப் பார்த்ததும் அழுகை பட்டென்று நின்றது. இரண்டு கையையும் தூக்கினாள்.

அவர் குழந்தையின் சட்டையைத்தான் முதலில் பார்த்தார். நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட சட்டை, யானை இல்லை. அப்படியானால் முடியை எடுத்தது நேற்று, இன்றைக்கு இல்லை, தொடவில்லை, தொடவே இல்லை. முழங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரு நிம்மதி பரவிற்று. ஈசுவரா என்றார். என்றபோதே கண் கீழே போயிற்று, குழந்தை உதைத்துத் தள்ளியிருந்த போர்வைக்கு. பச்சைப் போர்வை. யானை. தினமும் அதே போர்வை. நேற்றும் அதுதான், இன்றைக்கும் அதுதான். நினைவில் இருந்தது சட்டை இல்லை, போர்வை. எல்லாம் பழையபடி வந்து நின்றது. குழந்தை தூக்கின கையை இறக்கவில்லை. ஏன் இந்த ஆள் வந்தும் தூக்கமாட்டேனென்கிறான் என்று அதற்கு விளங்கவில்லை. உதடு பிதுங்கியது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பத்துடா கண்ணா, தாத்தா பத்து, தொடப்படாது, இப்போ அம்மா வந்துடுவா என்றார். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து அரை நிமிஷம் சிரித்தது, அப்புறம் சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. புறங்கையால் தொடலாமா. புறங்கை இலையைப் பிடிக்கவில்லை. ஆனால் நெற்றியைத் துடைத்ததே. துடைத்ததா. கழுவியாயிற்றே. கழுவினது போதுமா. அழுகிற பெண்ணுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழ தூரம். அந்த முழத்துக்குள் போக வழி இல்லை. அவர் குனிந்து முகத்தைக் காட்டினார், நாக்கைத் துருத்தினார், யானை மாதிரி பிளிறினார், சுலோகம் சொன்னார். அது எதற்கும் மசியவில்லை, அதற்கு வேண்டியது இரண்டு கை. கீழே கார் கொட்டகைக் கதவு மேலே ஏறுகிற சத்தம் கேட்டது.

மைதிலி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடிவந்தாள். கன்னம் மரத்து ஒரு பக்கம் தொங்கியது. டிராயரோடு சொட்டச் சொட்ட நிற்கிற தகப்பனாரையும் கத்திக்கொண்டிருக்கிற குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னப்பா இது என்று கேட்டுக்கொண்டே அவரை நோக்கித்தான் முதலில் கையை நீட்டினாள், அது அவருக்கு எப்போதும் மறக்காது. அவர் பின்னால் நகர்ந்தார். என்னைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, வேலிக்கொடியை, வெறும் கையால், நடுவில் ஒரு தடவை மாடிக்கு வந்ததை, மாடிப்படிக் கைப்பிடியை, எல்லாம் முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கைப்பையை இறக்கி வைத்தாள்.

"அப்பா, நன்னா யோசிச்சுச் சொல்லு. குழந்தையைத் தொட்டியா?"

யோசிக்கத்தானே இத்தனை நேரமும். மனசுக்குள் மறுபடியும் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். முடி, எச்சில், இதமான கன்னம். நேற்று. இன்று. இல்லை என்று சொன்னால் அவள் நம்புவாள், அவளுக்கு நம்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது, அது அவள் கண்ணில் தெரிந்தது. இல்லை என்பது பொய்யும் இல்லை, தெரியாது என்பதற்கு அது ஒரு பாதி. தெரியாது என்று சொன்னாலோ, எதைத் தொட்டோம் எதைத் தொடவில்லை என்றே தெரியாத கிழவனிடம் யார் குழந்தையை விடுவார்கள். அடுப்பில் பாத்திரம் வைத்ததும் தெரியாதுதானே. அம்மாவுக்கு வந்தது அப்பாவுக்கும் வருகிறதோ என்று அவள் மனசில் ஒரு கேள்வி வெகுநாளாக உட்கார்ந்திருக்கிறது. அவளால் கேட்க முடியவில்லை, அவருக்கும் அது தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை, குழந்தை அவரிடமே இருக்கும். நாளையோ மறுநாளோ கன்னத்தில் ஒன்றும் வராமலே போகலாம். வந்தால்? கண் இரண்டும் மூடிப்போய்விட்டதாமே. சந்தேகம்னாலே, என்றாள் சியாமளா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"தொட்டேன்" என்றார் பஞ்சாபகேசன். "கன்னத்துலே. சோப்புப் போட்டு அலம்பிவிடு, பச்சைத் தண்ணியிலே. அந்தப் போர்வையையும் எடுத்துடு."

மைதிலி குழந்தையை அக்குளில் பிடித்துத் தன் மேல் படாமல் நீட்டித் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பச்சைத் தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது, அப்புறம் பழகிக்கொண்டு கையால் அடித்து விளையாட ஆரம்பித்தது. நடுவில் போன் அடித்தது. மாப்பிள்ளைதான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அலம்பிக்கொண்டே பேசினாள், கதவு சாத்தியிருந்தாலும் எல்லாம் கேட்டது. ஆமா, தொட்டிருக்கார். இல்ல, அவர் வேணும்னு பண்ணலை, அரவிந்த், பாவம். ஆமா. ஆமா, திங்கக்கிழமைலேருந்து காப்பகத்துலேயே விட்டுடலாம். சரி. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பஞ்சாபகேசன் குழந்தையின் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் நின்றார். அவர் உடம்பிலிருந்து வடிந்தது காலைச் சுற்றி ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. அந்தத் தண்ணீர் பத்தா இல்லையா, அதை மிதித்துக்கொண்டு நடக்கலாமா கூடாதா என்று கேட்டால் சொல்லக்கூடிய ஒருத்தி இப்போது இல்லை. அவர் கைகளை அகட்டிப் பிடித்தபடியே நின்றார்.